மூன்று பத்திரிகை இடைவெளி: ஒரு ஹைப்ரிட் ஸ்கீ பைண்டிங்கின் நிகழ்வு ஆய்வு

போன பிப்ரவரியில் பனிச்சறுக்குக்காக எட்டு நாள் காஷ்மீரின் குல்மார்க்கில் இருந்தேன். அந்த எட்டு நாளில் என் இடது ஸ்கீ மூன்று தடவை காலைவிட்டுக் கழன்றுபோனது. விழும்போது கழன்றிருந்தால், பூட்ஸை ஸ்கீயோடு பிடித்திருக்கும் பைண்டிங் தன் வேலையைச் செய்தது என்று விட்டிருப்பேன். கழன்றதால்தான் நான் விழுந்தேன். மூன்றாவது தடவை அங்கே அப்பர்வத் மலைச் சரிவில், இறுகிய பனியில் குறுக்காகப் போய்க்கொண்டிருந்தபோது. இருபது மீட்டர் உருண்டு நின்றேன். அதற்குக் கொஞ்சம் கீழே பாறை. தோள்பட்டை கன்றியதோடு போயிற்று.

இதுபோக, மேலே ஏறும்போது இரண்டு தடவை, கழன்ற ஸ்கீ ஓடிவிடாமல் நிறுத்துவதற்கான பிரேக் தானாக விரிந்து பனியில் குத்திக்கொண்டது.

ஊருக்குத் திரும்பியபின், கானாடுகாத்தானில் எங்கள் வீட்டுப் பட்டாலையில் (கூடத்தில்) இரண்டு ஸ்கீயையும் கிடத்தி, இரண்டு நாள் உட்கார்ந்து அலசினேன். அதில் தெரிந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். நம் பக்கமிருந்து குல்மார்க்குக்கும் உத்தராகண்டின் ஔலிக்கும் போய்வருகிறவர்கள் இப்போது ஹைப்ரிட் பைண்டிங் வாங்குகிறார்கள். அதைக் கழற்றிப் பார்க்கத் தெரிந்த மெக்கானிக் நமக்குப் பக்கத்தில் கிடையாது. ஆகவே, சொந்தமாக வைத்திருப்பவருக்கே கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

பைண்டிங் எப்படிப்பட்டது

மலையிலிருந்து இறங்க மட்டுமே ஆன ஆல்பைன் பைண்டிங், பூட்ஸை முன்னாலும் பின்னாலும் கவ்விப் பிடிக்கும்; கால் முறுகும் அளவுக்கு விசை வந்தால் விட்டுவிடும். டூரிங் என்பது வேறு. ஸ்கீயின் அடியில் ஸ்கின் என்ற பட்டையை ஒட்டிக்கொண்டு, லிஃப்ட் இல்லாத மலையில் நடந்தே ஏறுவது. ஏறும்போது குதிகால் ஒவ்வொரு எட்டுக்கும் மேலெழ வேண்டும். கால்விரல் பக்கம் மட்டும் ஒரு கீல் போலப் பிடித்திருந்தால் போதும். 1980-களில் ஆஸ்திரியாவின் ஃப்ரிட்ஸ் பார்த்தெல் இதற்கு ஒரு எளிய வழி கண்டுபிடித்தார். பூட்ஸின் முன்முனையில் இரண்டு பக்கமும் எஃகுக் குழி. அதில் போய் உட்காரும் இரண்டு ஊசி. டைனாஃபிட் கம்பெனி அதைப் பரப்பியது. எடை மிகக் குறைவு, ஏறுவதற்கு அதை மிஞ்சியது இல்லை. ஆனால் இறங்கும்போது அதிர்வை வாங்கிக்கொண்டு பூட்ஸைத் திரும்ப நடுவுக்குக் கொண்டுவரும் நெகிழ்ச்சி, ஆல்பைன் பிடியில் இருக்கிற அளவு அதில் கிடைப்பதில்லை.

இரண்டையும் சேர்த்ததுதான் ஹைப்ரிட். மார்க்கர் கிங்பின், ஃப்ரிட்ஸி டெக்டன் போன்றவை முன்னால் ஊசி, பின்னால் ஆல்பைன் பாணிப் பிடி. மார்க்கர் டியூக் பி.டி.யில் முன்பிடியின் மேல்பாகத்தையே கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு ஏறலாம். இன்னொரு வகையில் ஒரே முன்பிடிக்குள் ஊசியும் இருக்கும், பூட்ஸை இரண்டு பக்கமும் கவ்வும் ஆல்பைன் இறக்கைகளும் இருக்கும். ஒரு நெம்புகோலைத் தள்ளினால் ஒன்று விலகி மற்றது வரும். என்னுடையது இந்த வகை.

மிக நல்ல கருவி. ஆனால் ஒன்றுக்குள் இரண்டு இயந்திரம் இருப்பதால் சரிபார்க்க வேண்டிய இடங்களும் அதிகம். குதிப்பிடி, அதாவது குதிகாலைக் கவ்வும் பின்பிடி, பூட்ஸை முன்னோக்கி எவ்வளவு அழுத்துகிறது என்பது ஒன்று. முன்னாலும் பின்னாலும் விடுவிப்பு விசையைக் குறிக்கும் டின் எண் இன்னொன்று. ஏறும்போது பிரேக்கை மடக்கிப் பிடிக்கும் கொக்கி. அப்புறம், பலரும் மறந்துவிடுகிற ஒன்று: முன்பிடிக்குக் கீழே பூட்ஸ் உட்காருகிற வழுக்குப் பட்டையின் உயரம். ஏ.எஃப்.டி. என்பார்கள். முறுகும்போது பூட்ஸ் தடையில்லாமல் பக்கவாட்டில் வழுக்கி வெளியேறுவதற்காக வைத்தது.

அதற்கு ஏன் உயரம் மாற்றும் திருகு? ஐ.எஸ்.ஓ. 5355 தரத்தில் வரும் ஆல்பைன் பூட்ஸின் முன் விளிம்புத் தடிமன் 19 மி.மீ., முன்னே பின்னே ஒரு மி.மீ. அங்கே சிக்கல் குறைவு. டூரிங் பூட்ஸ் ஐ.எஸ்.ஓ. 9523. நடப்பதற்கான ரப்பர் சோல், முன்பக்கம் வளைந்தது, தடிமன் பூட்ஸுக்குப் பூட்ஸ் மாறும், நடக்க நடக்கத் தேயவும் தேயும். ஆக, டூரிங் பூட்ஸ் போடுகிறவர் ஒவ்வொரு பூட்ஸுக்கும், ஒவ்வொரு ஸ்கீக்கும் தனித்தனியாக அந்த உயரத்தை வைத்தாக வேண்டும்.

மலையில் நான் செய்த தப்பு

முதல் தடவை கழன்றதும் திருப்புளியை எடுத்து முன்பிடியின் டின் எண்ணை 6.5-லிருந்து 7.5-க்கு ஏற்றினேன். இரண்டாவது தடவை கழன்றதும் 8.5. அப்பர்வத்தில் கழன்றது 8.5-இல்.

இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். டின் எண் நாமாக வைத்துக்கொள்வதல்ல. எடை, உயரம், வயது, ஓட்டும் விதம், சோலின் நீளம் எல்லாவற்றையும் பார்த்து ஒரு அட்டவணையிலிருந்து எடுப்பது. ஐம்பது வயதைத் தாண்டியவருக்கு அட்டவணையே ஒரு படி இறக்கிவிடுகிறது. நான் தாண்டியவன். என் 6.5 என்பது, கால் எலும்பு முறியும் முன் பைண்டிங் விட வேண்டிய இடம். அதை 8.5-க்கு ஏற்றியதும் அந்தப் பாதுகாப்பை நானே எடுத்துவிட்டேன். அப்படி எடுத்தும் நோய் தீரவில்லை. இரண்டு எண் ஏற்றியும் அதே இடத்தில் கழல்கிறது என்றால் கோளாறு ஸ்பிரிங்கில் இல்லை என்பது அங்கேயே புரிந்திருக்க வேண்டும். மூன்றாவது விழுதலுக்குப் பிறகுதான் புரிந்தது. மிச்சமிருந்த இரண்டு நாளும் ஸ்கீயைத் தொடவில்லை.

ஒரே ஒரு நல்ல காரியம் செய்திருந்தேன். ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக்கில் ஆறு வருஷம் வேலை பார்த்தபோது பழகியது: சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு. கழன்ற ஒவ்வொரு தடவையும் எந்தக் கால், என்ன பனி, என்ன செய்துகொண்டிருந்தேன், கழன்றபின் குதிப்பிடி திறந்திருந்ததா மூடியிருந்ததா என்று எழுதியிருந்தேன். மூன்றும் இடது. மூன்றும் இறுகிய, தடதடவென்று அதிரும் பனி. மூன்று தடவையும் குதிப்பிடி மூடியே இருந்தது.

கடைசி வரிதான் பெரிய தடயம். குதிப்பிடி திறந்திருந்தால் பின்னால் விட்டது என்று அர்த்தம். மூடியிருந்தால் பூட்ஸ் முன்னால் பக்கவாட்டில் வெளியேறியிருக்கிறது. ஆக, தேட வேண்டிய இடம் இடது முன்பிடி.

பட்டாலையில்

ஏப்ரல் மாதம். வெளியே வெயில் கொளுத்தினாலும் எங்கள் பட்டாலையில் ஆத்தங்குடிக் கல் காலுக்குச் சில்லென்றுதான் இருக்கும். ஒரு பழைய வேட்டியை விரித்து ஸ்கீகளை அதன்மேல் வைத்தேன். காரைக்குடியில் லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவரையும் வரச் சொன்னேன். ஸ்கீயை அவர் அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்க்கிறார். ஆனால் திருகும் ஸ்பிரிங்கும் எங்கே இருந்தாலும் அவருக்குப் பேசும்.

முதலில் பைண்டிங்கை ஸ்கீயோடு பிடித்திருக்கும் திருகுகள் தளர்ந்திருக்கின்றனவா என்று பார்த்தோம். இங்கே ஒரு எச்சரிக்கை. அந்தத் திருகின் தலை பார்ப்பதற்குச் சாதாரண பிளஸ் போலத்தான் இருக்கும். ஆனால் அது போஸிட்ரைவ் மூன்றாம் நம்பர். பிளஸ்ஸின் நான்கு கைகளுக்கு நடுவே மெல்லிய கோடுகள் இருக்கும், அதுதான் அடையாளம். வீட்டில் இருக்கிற பிளஸ் திருப்புளியைப் போட்டு முறுக்கினால் தலை வழன்றுவிடும். அப்புறம் அதை வெளியே எடுப்பது தனிப்பாடு. அண்ணன் திருகின் தலையை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தன் பையிலிருந்து சரியான பிட்டை எடுத்தார். எல்லாத் திருகும் இறுக்கமாகத்தான் இருந்தன.

அடுத்தது முன்னழுத்தம். நான் முதலில் சந்தேகப்பட்டது இதைத்தான். பூட்ஸை மாட்டியபின் குதிப்பிடியின் பின்புறம் ஒரு சிறு நாக்கு உறையோடு ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். உள்ளே போனாலும் தப்பு, வெளியே துருத்தினாலும் தப்பு. நகத்தால் தடவிப் பார்த்தேன். இரண்டிலும் ஒரே மட்டம்.

பிறகு உயரம். பூட்ஸை மாட்டியபின், பூட்ஸுக்கும் அந்த வழுக்குப் பட்டைக்கும் நடுவே ஒரு தாளை விட்டு இழுத்தால் லேசான தடையோடு வர வேண்டும். வலது பக்கம் அப்படியே வந்தது. இடது பக்கம் தாள் காற்றில் ஆடுகிற மாதிரி வந்தது. கொஞ்சம் தடிமனாக ஏதாவது வேண்டும் என்று தேடினேன். சுவரலமாரியில் கல்யாணப் பத்திரிகைகள் இருந்தன, மூலையில் மஞ்சள் தடவியவை. ஒரே அச்சில் நான்கு பிரதி. அண்ணன் வெர்னியரில் வைத்துப் பார்த்தார்: ஒன்று 0.4 மி.மீ. இடது பக்கம் மூன்று பத்திரிகை சேர்த்து நுழைந்தது. 1.2 மி.மீ.

அவர் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: “கோளாறு செருப்புலயா, பிடியிலயா? மாத்திப் போட்டுப் பாருங்க அண்ணே.”

இவ்வளவு எளிதான விஷயம் எனக்குத் தோன்றவில்லை. இரண்டு பூட்ஸுக்கும் ஒரே நீளம், ஆகவே இடம் மாற்றினாலும் முன்னழுத்தம் கெடாது. இடது பூட்ஸை வலது பைண்டிங்கில் மாட்டினோம்: ஒரு பத்திரிகை நுழைந்தது. வலது பூட்ஸை இடது பைண்டிங்கில் மாட்டினோம்: இரண்டு. கணக்கு நேராக நின்றது. இடது சோல் 0.4 மி.மீ. தேய்ந்திருக்கிறது, இடது பைண்டிங்கின் பட்டை 0.8 மி.மீ. இறங்கியிருக்கிறது, இரண்டும் சேர்ந்து 1.2.

ஒரு மி.மீ. சொச்சம்தானே என்று தோன்றலாம். ஆனால் இறுகிய பனியில் ஸ்கீ நொடிக்கு நொடி அதிர்கிறது. அந்த இடைவெளி இருந்தால் பூட்ஸ் ஒவ்வொரு அதிர்வுக்கும் மேலும் கீழும் ஆடி, இறக்கைகளை உள்ளிருந்து தட்டிக்கொண்டே இருக்கும். இறக்கையின் பிடியும் முழுமையாக இல்லாமல் விளிம்பில் தொற்றி நிற்கும். ஸ்பிரிங்கை எவ்வளவு இறுக்கினாலும் இது தீராது.

பட்டை ஏன் இறங்கியது? தானாக இறங்கியதா என்று நோட்டின் பழைய பக்கங்களைப் புரட்டினேன். இரண்டு வருஷத்துக்கு முன் என் தங்கை மகனுக்கு அந்த ஸ்கீயை மூன்று நாள் கொடுத்திருந்தேன். அவனுடைய புது டூரிங் பூட்ஸ் தடிமனான சோல். அதற்காக இரண்டு பட்டையையும் இறக்கியிருக்கிறேன். திரும்ப வாங்கிய நாளின் குறிப்பில் “வலது – ஏற்றியாச்சு, தாள் சரி” என்று இருந்தது. இடதுக்கு வரியே இல்லை.

அவனுக்குப் போன் போட்டுக் கேட்டேன். “அம்மான், அன்னைக்கு ஒரு ஸ்கீயைச் சரிபண்ணிட்டு இருக்கையில கோண்டோலா கேபிள் காரு நிக்கப் போகுதுன்னு சொல்லிக் கிளம்பிட்டீங்க. இன்னொண்ணு அப்பறம்னீங்க” என்றான். அந்த ‘அப்பறம்’ இரண்டு வருஷம் ஆகிவிட்டது. முதல் வருஷம் நான் போனபோது பனி மெத்தென்று இருந்ததாலும், சோல் அவ்வளவு தேயாததாலும் தப்பித்திருக்கிறேன் என்றுதான் நினைக்கிறேன்.

பிரேக்

இது வேறு கதை. ஏறும்போது பிரேக்கை மிதித்து மடக்கி, குதிப்பிடியில் உள்ள சிறு நெம்புகோலால் பூட்டிவிட வேண்டும். அடியில் பனி திரண்டிருந்தால் கொக்கி முழுதாக விழாது. அது எல்லாருக்கும் நடப்பதுதான்; பனியைத் தட்டிவிட்டு மறுபடி மிதித்தால் தீர்ந்தது. எனக்குப் பனியே இல்லாத ஏப்ரல் மாதத்தில், பட்டாலையில் வைத்து மிதித்தபோதும் வலது கொக்கி பாதியில் நின்றது.

ஒரு பழைய பல்துலக்கும் பிரஷ்ஷை உள்ளே விட்டு எடுத்தேன். நுனி செங்காவி நிறத்தில் வந்தது. கிரீஸோடு குழைந்து, அரைத்த மசாலா மாதிரி பிசுபிசுப்பாக, கொக்கி விழும் பள்ளம் முழுக்க செம்மண்.

பத்து மாதம் ஸ்கீ நிற்கிற இடம் எங்கள் வீட்டு முகப்பு. திண்ணைப் பக்கம் கதவு திறந்தே கிடக்கும். ஆடிக்காற்றில் எங்கள் ஊரில் செம்மண் புழுதி எங்கே நுழையாது? நான் மேலே ஒரு துணியைப் போர்த்தியதோடு சரி. அண்ணன் வாசல் நிலைக்கதவைக் காட்டிச் சொன்னார்: “அம்புட்டுப் பெரிய கதவு, பர்மாத் தேக்கு. தாப்பாள் விழுற குழியில ஒரு கை மண்ணு நின்னா அதுவும் முழுசா விழாது. இது எம்மாத்திரம்.”

மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவிவிடலாம் என்றார். பட்டறை வழக்கம் அது. நான் வேண்டாம் என்றேன். பைண்டிங்குக்குள் தொழிற்சாலையில் வைத்த கிரீஸ் இருக்கிறது. மண்ணெண்ணெய், பெட்ரோல், தின்னர் எது போனாலும் அதை அடித்துக்கொண்டு போய்விடும், பிளாஸ்டிக் பாகங்களையும் கெடுக்கலாம். வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து, பிரஷ்ஷால் தோண்டித் தோண்டித் துடைத்தோம். ஒரு முழு மத்தியானம் ஆனது. காயவைத்து மறுபடி மிதித்தால் ‘டக்’கென்று விழுந்தது.

துடைக்கும்போது இன்னொன்றும் கண்ணில் பட்டது. அலுமினிய உறையில் எஃகுத் திருகு நுழைகிற இடத்தில் வெள்ளைப் பொடி. இரண்டு உலோகம் தொட்டுக்கொண்டு, நடுவே ஈரமும் உப்பும் இருந்தால் அலுமினியம் அரிக்கும். காரைக்குடியில் இதைச் சொல்லித்தர ஆள் தேட வேண்டியதில்லை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இங்கேதான் இருக்கிறது. உலோக அரிப்பு அவர்களுடைய துறை. அங்கே வேலை பார்த்து ஓய்வுபெற்ற பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, ஈரத்தோடு உறையில் போட்டு மூடியிருப்பீர்கள் என்றார். உண்மைதான். குல்மார்க்கிலிருந்து கிளம்பும் அன்று ஈரம் துடைக்காமல் பையில் திணித்து, விமானத்தில் ஏற்றி, திருச்சியில் இறக்கி, வீட்டுக்கு வந்தும் நான்கு நாள் பையைத் திறக்கவில்லை. இப்போது வீடு வந்த அன்றே திறந்து, துடைத்து, மின்விசிறிக்குக் கீழே ஒரு ராத்திரி கிடத்துகிறேன். நிற்கிற இடமும் முகப்பு இல்லை. இரண்டாம் கட்டில் உள்அறை. ஐப்பசி, கார்த்திகை மழையில் மாதம் ஒருமுறை எஃகு விளிம்பைத் தொட்டுப் பார்த்துத் துரு தெரிந்தால் தேய்த்துவிடுகிறேன்.

சரிசெய்ததும் சோதித்ததும்

முன்பிடியின் டின் எண் திரும்ப 6.5. அதைத்தான் முதலில் செய்தேன்.

இடது பட்டையை இடது பூட்ஸை மாட்டிவைத்தே கால் சுற்று, கால் சுற்றாக ஏற்றினேன். ஒவ்வொரு தடவையும் பூட்ஸைக் கழற்றி, மறுபடி மாட்டி, குதிகாலைத் தரையில் நான்கைந்து தடவை ஓங்கிக் குத்தி, அதன்பிறகே தாளை விட்டு இழுத்தேன். மாட்டிய உடனே பார்த்தால் பூட்ஸ் முழுதாக உட்கார்ந்திருக்காது. அளவு பொய் சொல்லும். தாள் லேசாகக் கடித்துக்கொண்டு வந்ததும் நிறுத்தினேன். அதற்குமேல் ஏற்றுவது இடைவெளியைவிட மோசம். பூட்ஸ் இறக்கைக்கும் பட்டைக்கும் நடுவே நசுங்கி நின்றால், கால் முறுகும்போது வழுக்காது. விட வேண்டிய நேரத்தில் பைண்டிங் விடாது. முழங்கால் போகும். தாள் வரவே மாட்டேன் என்று அடம்பிடித்தால் இறக்கியே ஆக வேண்டும்.

ஊசிக்குழிகளையும் ஒரு குச்சியால் சுத்தம் செய்தேன். அதில் மண்ணோ பனிக்கட்டியோ நின்றால் ஏறும்போது முன்னால் கழலும். எனக்கு அந்தக் கோளாறு வரவில்லை.

வீட்டில் செய்ய முடியாதது ஒன்று உண்டு. டின் எண் என்பது பிடியின்மேல் எழுதியிருக்கும் எண்தான். உண்மையில் எவ்வளவு முறுக்குவிசையில் விடுகிறது என்பதை இயந்திரத்தில் வைத்துத்தான் அளக்க வேண்டும். அக்டோபரில் வேலையாக இன்ஸ்ப்ரூக் போனபோது இரண்டையும் பூட்ஸோடு எடுத்துக்கொண்டுபோய் ஒரு கடையில் அளக்கக் கொடுத்தேன். நான்கு பிடியும் 6.5-க்கு உரிய வரம்புக்குள் இருந்தன. தேய்ந்த இடது சோலை அங்கேயே மாற்றிக்கொண்டேன். என் பூட்ஸில் அது திருகில் மாட்டுவது. புது சோல் போட்டதும் தாள் நகரவே இல்லை. எதிர்பார்த்ததுதான். கடைக்காரர் இறக்கி வைத்தார். வாங்கிக்கொண்டு அறைக்கு வந்து நானும் ஒரு தடவை இழுத்துப் பார்த்தேன்.

அதே வாரம் இன்ஸ்ப்ரூக் பக்கத்து ஸ்டூபாய் பனியாற்றில் இரண்டு நாள் ஓட்டினேன். காலையில் பனி கண்ணாடி மாதிரி. குல்மார்க்கில் கழன்ற அதே தடதடப்பில், வேண்டுமென்றே குறுக்காகப் பல தடவை போனேன். இடது அசையவில்லை.

இரண்டாம் நாள் மதியம், வெயிலில் பனி குழைந்தபிறகு, உள்விளிம்பு மாட்டி நிஜமாகவே விழுந்தேன். இடது கால் முறுகத் தொடங்கியது தெரிந்தது, உடனே விட்டதும் தெரிந்தது. எழுந்து உட்கார்ந்து முழங்காலை மடக்கி நீட்டிப் பார்த்தேன். வலி இல்லை. ஸ்கீ நான்கு அடி மேலே, பிரேக் விரிந்து பனியில் குத்தி நின்றது. குதிப்பிடி மூடியிருந்தது. நோட்டை எடுத்து, “இடது – முன்னால் விட்டது, விழும்போது. வலது – அப்படியே” என்று இரண்டு காலுக்கும் எழுதினேன்.